பவளத் தொட்டியில் முதல் உயிர்களை விடுவது எப்படி

கடல்நீர்த் தொட்டி வைக்கப்போகிறேன் என்று சொல்கிறவர்கள் மூச்சுவிடாமல் அடுத்துக் கேட்பது, எந்த மீன் வாங்கலாம் என்பதுதான். தண்ணீர் ஊற்றி எத்தனை நாளாயிற்று என்று நான் திருப்பிக் கேட்பேன். சிலருக்கு அது ஏமாற்றமாக இருக்கும். ஆனால் பல தொட்டிகளை அருகிலிருந்து பார்த்த பிறகு எனக்கு உறுதியாகத் தெரிகிறது: முதல் மாதத்தில் ஒரு மீன் இறந்தால், அதற்கான காரணம் பெரும்பாலும் அது தொட்டிக்குள் வருவதற்கு முன்பே அமைந்துவிட்டிருக்கும். பக்குவமாகாத தண்ணீர், வாங்கிய இடத்திலேயே தொற்றிய நோய், பையிலிருந்து தொட்டிக்கு மாற்றிய அந்த அரை மணி நேரம். இந்த மூன்றையும் பொறுமையாகச் செய்தவர்களுக்குப் பிறகு வரும் பராமரிப்பு அவ்வளவு கடினமாக இருப்பதில்லை. அதனால் இங்கே கருவிகளைப் பற்றிக் குறைவாகவும், உயிர்களை உள்ளே கொண்டுவரும் முறையைப் பற்றி விரிவாகவும் எழுதுகிறேன்.

முதலில் தண்ணீர்

முதல் தொட்டி சிறியதாக இருந்தால் எளிது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர்மாறானது. நாற்பது லிட்டர் தண்ணீரில் ஒரு மீனுக்குக் கூடுதலாகப் போட்ட தீனிகூட மறுநாளே தண்ணீரைக் கெடுத்துவிடும். 150 முதல் 250 லிட்டர் வரை உள்ள தொட்டியில் வெப்பமும் உப்பும் மெதுவாகவே மாறும். தவறைக் கண்டுபிடித்துத் திருத்த நமக்கு நேரம் கிடைக்கும்.

குழாய்த் தண்ணீரை நேரடியாகப் பயன்படுத்த வேண்டாம். அதில் குளோரின் இருக்கும், பாசியை வளர்க்கும் பாஸ்பேட் இருக்கலாம், பழைய குழாய்களிலிருந்து செம்பும் கலந்திருக்கலாம். செம்பு மிகக் குறைந்த அளவிலேயே இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொன்றுவிடும். ஆர்.ஓ. வடிகட்டியோடு, மிஞ்சிய அயனிகளையும் நீக்கும் டி.ஐ. பிசினும் சேர்ந்த கருவியில் வடித்த தண்ணீரே வேண்டும். நீரில் கரைந்திருப்பவற்றை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் அது பூஜ்யம் காட்ட வேண்டும்.

பவளத் தொட்டிக்கென்று விற்கப்படும் கடல் உப்புக் கலவையை அந்தத் தண்ணீரில் சிறிது சிறிதாகப் போட்டு, ஹீட்டரும் சிறிய பம்பும் வைத்து ஒரு நாள் ஓடவிடுங்கள். கடலில் ஒரு லிட்டர் நீருக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நாம் எட்ட வேண்டியதும் அதுவே. ஒப்படர்த்தியாக, அதாவது வெறும் தண்ணீரோடு ஒப்பிட்ட அடர்த்தியாகச் சொன்னால் 1.025 முதல் 1.026 வரை. இதை அளக்க மிதவை மானியை நம்பாமல் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதையும் வெறும் தண்ணீரில் சரிபார்க்காமல், 35 என்று குறிக்கப்பட்ட அளவுத் திரவத்தில் சரிபாருங்கள். இந்த ஒரு கருவி தவறாகக் காட்டினால், மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்தும் பயனில்லை.

தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. நீர்மட்டம் குறையும்போது உப்பில்லாத வடித்த தண்ணீரை மட்டுமே சேர்க்க வேண்டும். புதியவர்கள் உப்புநீரையே ஊற்றி ஊற்றி, சில வாரங்களில் தொட்டியை உவர்ப்பு மிகுந்ததாக ஆக்கிவிடுகிறார்கள். தானாக நீர் நிரப்பும் கருவி ஒன்று பொருத்திவிட்டால் இந்தக் கவலை தீரும்.

மற்றபடி, 25 அல்லது 26 டிகிரியில் நீரை வைத்திருக்கும் ஹீட்டர், அலைபோல நீரை அசைக்கும் இரண்டு பவர்ஹெட்டுகள், கழிவை நுரையாகப் பிரித்தெடுக்கும் ஒரு புரோட்டீன் ஸ்கிம்மர், நீல ஒளி மிகுந்த விளக்கு, மேலே வலை மூடி. தொடங்க இவை போதும். வலை மூடியை மட்டும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். கடல் மீன்களில் பல துள்ளிக் குதிப்பவை. தரையில் காய்ந்து கிடக்கும் மீனைக் காலையில் பார்ப்பது மிகவும் வேதனையானது.

காத்திருக்கும் வாரங்கள்

மீனின் கழிவும் மீந்த தீனியும் அம்மோனியாவாகும். அது மீனின் செவுளை எரிக்கும் நஞ்சு. பாறையின் நுண்துளைகளில் குடியேறும் ஒரு வகைப் பாக்டீரியா அதை நைட்ரைட்டாக மாற்றும். இன்னொரு வகை நைட்ரைட்டை, நஞ்சு மிகவும் குறைந்த நைட்ரேட்டாக மாற்றும். இந்தப் பாக்டீரியாக்கள் பெருக நேரம் ஆகும். உலர்ந்த பாறையில் தொடங்கினால் நான்கு முதல் ஆறு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். புட்டியில் வரும் பாக்டீரியாவைச் சேர்த்தால் சற்று விரையும்.

இதற்காக ஒரு மீனைப் பலியாகப் போடும் பழைய வழக்கத்தை நான் ஏற்கவில்லை. அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து 2 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இரண்டு பங்கு) அளவுக்குக் கொண்டுவாருங்கள். சேர்த்த அம்மோனியா 24 மணி நேரத்தில் பூஜ்யமாகி, நைட்ரைட்டும் பூஜ்யமாக இருந்தால் தொட்டி தயார். பிறகு பாதித் தண்ணீரை மாற்றுங்கள். இதற்குள் பாறையிலும் மணலிலும் பழுப்பு நிறப் பொடிபோல டயாட்டம் பாசி படர்ந்திருக்கும். புதுத் தொட்டி எல்லாவற்றிலும் வருவது அது, தானே போய்விடும். பாசி தின்னும் டர்போ, டிரோகஸ் நத்தைகள் சிலவற்றைத் தொட்டிக்குள் விட இதுதான் நேரம்.

யாரை வாங்குவது

முதல் மீனாகப் பண்ணையில் பிறந்த கோமாளி மீன் ஜோடியை நான் சொல்வேன். அவை தொட்டியிலேயே பிறந்தவை. குருணைத் தீனிக்குப் பழகியவை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. பங்காய் கார்டினல் மீனும் நல்ல தேர்வு, ஆனால் பண்ணைக் குஞ்சாக மட்டும் வாங்குங்கள். இந்தோனேசியாவின் பங்காய் தீவுகளை ஒட்டிய சிறு பரப்பில் மட்டுமே இயற்கையாக வாழும் இந்த மீன், தொட்டி வணிகத்துக்காக அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்டு அழிவின் ஆபத்தில் இருக்கிறது. ராயல் கிராமா, ஃபயர்ஃபிஷ், சிறு கோபி வகைகள் ஆகியவையும் புதியவர்களுக்கு ஏற்றவை.

திரைப்படம் பார்த்துவிட்டுக் குழந்தைகள் கேட்கும் நீல டாங் சுமார் 30 செ.மீ. வளரும், நாள் முழுவதும் நீந்தும். சிறு தொட்டியில் அதை வைப்பது கொடுமை. மாண்டரின் மீன் கண்ணைப் பறிக்கும் அழகு. ஆனால் நாள் முழுவதும் பாறையில் கோப்பிபாட் என்ற நுண்ணிய ஓட்டுடலிகளைக் கொத்தித் தின்று வாழ்வது. புதுத் தொட்டியில் அந்த இரை இருக்காது. மெல்ல மெல்லப் பட்டினியில் சாகும். அதை வாங்காமல் கடையிலிருந்து திரும்பி வருவது நாம் அந்த மீனுக்குச் செய்யும் நல்லது.

வாங்கும் இடத்தில் மீன் தின்பதைக் கண்ணால் பாருங்கள். வயிறு ஒட்டியிருக்கிறதா, செவுள் படபடவென்று அடிக்கிறதா, உடம்பைப் பாறையில் தேய்க்கிறதா, உப்புத் தூவியதுபோல வெண்புள்ளிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அதே தொட்டியில் வேறொரு மீன் நோயோடு இருந்தாலும் வாங்க வேண்டாம். ஒரே நேரத்தில் இரண்டு மீன்களுக்கு மேல் கொண்டுவர வேண்டாம். அடுத்ததற்கு இரண்டு மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள். கூடும் கழிவுக்கு ஏற்பப் பாக்டீரியாவும் பெருக வேண்டும். சாதுவான மீன் முதலில், முரட்டு மீன் கடைசியில். முதலில் வந்தது இடத்தைத் தனதாக்கிக்கொள்ளும் என்பதால் இந்த வரிசை முக்கியம்.

தனிமைத் தொட்டி

பெரும்பாலோர் தவிர்க்கும் படி இது. நானும் ஒருமுறை தவிர்த்தேன். ஏற்கனவே நான்கு மீன்கள் நலமாக இருந்த தொட்டியில், பார்வைக்குப் பளபளப்பாக இருந்த ஒரு டாங் மீனை நேராக விட்டேன். ஐந்தாம் நாள் அதன் துடுப்பில் இரண்டு வெண்புள்ளிகள் தெரிந்தன. அடுத்த நாள் புள்ளிகளைக் காணவில்லை, சரியாகிவிட்டது என்று நிம்மதியடைந்தேன். இரண்டாம் வாரம் எல்லா மீன்களின் மேலும் புள்ளிகள். மூன்றாம் வாரத்தில் ஒரே ஒரு கோமாளி மீன்தான் மிஞ்சியது.

அது கிரிப்டோகாரியன் என்ற ஒட்டுண்ணி. அதன் வாழ்க்கைச் சுற்றைப் புரிந்துகொண்டால் நான் ஏன் ஏமாந்தேன் என்பதும் புரியும். மீனின் தோலுக்குள் சில நாள் தின்று கொழுத்த பிறகு அது தானாகவே உதிர்ந்து, மணலிலோ பாறையிலோ கூடு கட்டிக்கொள்ளும். புள்ளி மறைவது குணமானதால் அன்று. உதிர்ந்த ஒன்று கூட்டுக்குள் நூற்றுக்கணக்கில் பெருகிக்கொண்டிருப்பதால். கூடு உடைய சில நாளும் ஆகலாம், பத்து வாரமும் ஆகலாம். வெளிவரும் குஞ்சுகள் ஓரிரு நாளுக்குள் ஒரு மீனைப் பற்றாவிட்டால் செத்துவிடும். அதனால்தான் தொற்று வந்த தொட்டியை 76 நாள் மீனே இல்லாமல் வைத்திருக்கச் சொல்கிறார்கள். மிஞ்சிய கோமாளியை வேறு தொட்டியில் மருந்தோடு வைத்துக்கொண்டு, பவளங்கள் மட்டும் இருந்த அந்தத் தொட்டியை நான் 76 நாள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தனிமைத் தொட்டிக்குச் செலவு அதிகமில்லை. 40 முதல் 80 லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஹீட்டர், மீன் ஒளிந்துகொள்ளப் பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள், மூடி, ஒரு பஞ்சு வடிகட்டி. அந்தப் பஞ்சை முன்கூட்டியே பெரிய தொட்டியில் சில வாரம் போட்டு வையுங்கள். பாக்டீரியா அதில் குடியேறியிருக்கும். பாறையும் மணலும் வேண்டாம், அவை மருந்தை உறிஞ்சிக்கொள்ளும். புது மீனைக் குறைந்தது 30 நாள் இங்கே வைத்துப் பாருங்கள். அம்மோனியாவை நாள்தோறும் அளங்கள்.

வெண்புள்ளி தெரிந்தால் செம்பு மருந்து இந்தத் தொட்டியில் மட்டும். அளவு மருந்துக்கு மருந்து மாறும்; புட்டியில் உள்ளதைப் பின்பற்றி, செம்பு அளக்கும் சோதனைப் பெட்டியால் தினமும் உறுதி செய்யுங்கள். பெரிய தொட்டியில் ஒரு சொட்டும் விழக் கூடாது. மஞ்சள் கலந்த மிக நுண்ணிய தூசு போர்த்தியதுபோல இருந்து, மீன் வேகமாக மூச்சுவாங்கினால் அது வெல்வெட் நோயாக இருக்கலாம். அது ஓரிரு நாளிலேயே கொல்லும், அங்கே தாமதம் கூடாது. கோமாளி மீனின் உடம்பில் வழவழப்பான வெண்படலம் உரிந்தால் புரூக்ளினெல்லா. அதற்குச் செம்பு பயன்படாது, ஃபார்மலின் சார்ந்த மருந்து வேண்டும். வலை, வாளி, கை துடைக்கும் துணி எல்லாம் இரு தொட்டிகளுக்கும் தனித்தனியாக இருக்கட்டும்.

மீனைப் பையிலிருந்து மாற்றும் நேரம்

நெடுந்தூரம் பயணம் செய்து வந்த பைக்கும், அருகிலிருந்து அரை மணி நேரத்தில் கொண்டுவந்த பைக்கும் ஒரே முறை சரிப்படாது. பயணத்தின்போது மீன் விடும் மூச்சினால் பையில் கார்பன் டை ஆக்சைடு சேர்ந்து, நீரின் பி.எச். (அமில, கார அளவு) இறங்கிவிடுகிறது. அந்த நிலையில் அங்கே சேர்ந்த அம்மோனியாவின் பெரும்பகுதி அம்மோனியம் என்ற தீங்கு குறைந்த வடிவில் இருக்கும். பையைத் திறந்து காற்றுப் பட்டதும் கார்பன் டை ஆக்சைடு வெளியேறும், பி.எச். ஏறும், அம்மோனியம் மீண்டும் நஞ்சாகும். அதே நீரில் மீனை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் சொட்டுக் குழாயில் தொட்டி நீரை விட்டுக்கொண்டிருந்தால், பழக்குகிறோம் என்ற நினைப்பில் அதற்கு நஞ்சூட்டுகிறோம்.

எனவே இப்படிச் செய்யுங்கள். விற்பவரிடம் அவர்களுடைய நீரின் உப்பளவை முன்பே கேட்டு, தனிமைத் தொட்டியை அதே அளவில் தயாராக வைத்திருங்கள். பல கடைகள் மீன் தொட்டிகளை 1.020க்கும் கீழே வைத்திருக்கின்றன. மீன் வந்ததும் அறை விளக்கைத் தணித்து, கட்டிய பையை அப்படியே 15 முதல் 20 நிமிடம் தொட்டி நீரில் மிதக்க விடுங்கள். வெப்பம் ஒன்றாகிவிடும். பிறகு பையைத் திறந்து, ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டை அளங்கள். இரண்டு நீரும் 0.001 வித்தியாசத்துக்குள் இருந்தால், உடனே மீனை மட்டும் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். பை நீரை வடிகாலில் ஊற்றுங்கள்.

அளவு பொருந்தாவிட்டால், தனிமைத் தொட்டியின் நீரை வடித்த தண்ணீரால் இறக்கிப் பையின் அளவுக்குக் கொண்டுவாருங்கள். உப்பு குறைவதை மீன் ஓரளவு தாங்கும். திடீரென்று கூடுவதைத்தான் தாங்காது. பின்னர் நாளுக்கு 0.001 அல்லது 0.002 வீதம் ஏற்றி 1.025க்கு வரலாம். டாங், ஏஞ்சல் போன்ற முள்ளுள்ள மீன்களை வலையால் பிடிக்காமல் பிளாஸ்டிக் குவளையால் மொண்டு எடுங்கள். முள் வலையில் சிக்கினால் மீன் காயப்படும். அன்று தீனி வேண்டாம். மறுநாள் சிறிது மட்டும்.

இறால், நட்சத்திர மீன், கடல் முள்ளெலி ஆகியவற்றின் கதை வேறு. உப்பு மாற்றத்தை அவற்றால் தாங்க முடியாது. இவற்றுக்கு மெல்லிய குழாயில் முடிச்சுப் போட்டு, நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு வீதம் ஒன்று முதல் இரண்டு மணி நேரம் தொட்டி நீரைச் சேர்த்துப் பழக்கித்தான் விட வேண்டும். நட்சத்திர மீனை நீருக்கு வெளியே தூக்காதீர்கள்.

தனிமைக்காலம் முடிந்து பெரிய தொட்டிக்கு மாற்றும்போது, பழைய மீன்கள் துரத்தக்கூடும். துளையிட்ட தெளிவான பெட்டியில் புது மீனை வைத்து, இரண்டு மூன்று நாள் தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுங்கள். ஒன்றையொன்று பார்த்துச் சலித்த பிறகு திறந்துவிட்டால் சண்டை மிகவும் குறையும்.

பவளத்தை உள்ளே கொண்டுவருதல்

பவளம் ஒரு விலங்கு; தன் திசுவுக்குள் நுண்பாசியைக் குடிவைத்து, அது ஒளியில் தயாரிக்கும் உணவில் பெரும்பங்கை உண்டு வாழ்கிறது. ஒளி திடீரென்று கூடினாலோ நீர் சூடானாலோ அந்தப் பாசியை வெளியேற்றி வெளுத்துப்போகும். கடலில் நடப்பதும் இதுதான். எனவே, பவளத்தை எங்கே வைப்பது என்பதில் அவசரம் கூடாது.

காளான் பவளம், சோவாந்தஸ், லெதர் வகைகள் ஆகிய மென்பவளங்களில் தொடங்குங்கள். கிரீன் ஸ்டார் பாலிப்பை மட்டும் தனிப் பாறையில் வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாப் பாறையையும் மூடிவிடும். சில மாதம் நீர் நிலையாக இருந்தால் டங்கன், ஹாமர் போன்ற பெரிய பாலிப் வகைகள் (பாலிப் என்பது பவளத்தின் வாயும் இழைகளும் கொண்ட சிறு உடல்). அக்ரோபோரா போன்ற சிறிய பாலிப் கற்பவளங்களுக்குத் தொட்டிக்கு ஒரு வயதாவது ஆகட்டும். கற்பவளங்களின் பன்னாட்டு வணிகம், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் கட்டுப்படுத்தப்பட்டிருக்கிறது. உங்கள் நாட்டுச் சட்டத்தையும் அறிந்துகொண்டு, தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டுகளையே வாங்குங்கள்.

சோவாந்தஸையும் பாலிதோவாவையும் கையாளும்போது கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் கட்டாயம். அவற்றில் சிலவற்றில் உள்ள பாலிடாக்சின் மிகக் கொடிய நஞ்சு. அவை ஒட்டிய பாறையை ஒருபோதும் வெந்நீரில் போடவோ கொதிக்கவைக்கவோ கூடாது; அந்த ஆவியைச் சுவாசித்து வீடே மருத்துவமனைக்குப் போன நிகழ்வுகள் உண்டு.

பவளப் பையையும் 15 நிமிடம் மிதக்கவிடுங்கள். பிறகு மூன்று சிறு வாளிகளில் தொட்டி நீரை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் வாளியில் பவளத்துக்கான முக்கு மருந்தைக் கலந்து, சொன்ன நேரம் மட்டும் முக்கி, ஒரு சிறு குழலால் நீரைப் பீச்சி அசையுங்கள். தட்டைப் புழுவும், நுடிபிராங்கு என்ற ஓடில்லாத கடல் நத்தையும் உதிர்ந்து விழுவதைப் பார்க்கலாம். அடுத்த இரண்டு வாளிகளில் அலசுங்கள். அந்த நீர் எதையும் தொட்டியில் சேர்க்க வேண்டாம். பூச்சியின் முட்டைகளை முக்கு மருந்து கொல்வதில்லை. லென்ஸ் வைத்துப் பார்த்து, கத்தி முனையால் சுரண்டி எடுக்க வேண்டும். பவளம் ஒட்டியிருக்கும் அடிக்கட்டையை முடிந்தால் நீக்கிவிட்டுப் புதியதில் ஒட்டுங்கள். ஏப்டேசியா என்ற கொட்டும் சிறு கடற்சாமந்தியும், மீன் ஒட்டுண்ணியின் கூடுகளும் பெரும்பாலும் அந்தக் கட்டையில்தான் வரும். வசதி இருந்தால் பவளத்தையும் மீனில்லாத தொட்டியில் சில வாரம் வைத்து, வாரம் ஒருமுறை முக்கி எடுப்பது மிகச் சிறந்தது.

முதல் இரண்டு வாரம் எந்தப் பவளமும் மணல் தரையில்தான். பிறகு படிப்படியாக மேலே ஏற்றுங்கள். பவளத்தின் பாசிக்குப் பயன்படும் ஒளியை அளக்கும் பார் மீட்டர் இரவல் கிடைத்தால் அளந்துகொள்ளுங்கள்: மென்பவளங்களுக்கு 50 முதல் 100, பெரிய பாலிப் வகைகளுக்கு 75 முதல் 150, சிறிய பாலிப் கற்பவளங்களுக்கு 200 முதல் 350 வரை. விளக்கு நாளுக்கு 8 முதல் 10 மணி நேரம் போதும். ஹாமர் போன்றவற்றின் சதை காற்றில் நெற்கதிர்போல மென்மையாக அசைய வேண்டும். ஒரே பக்கம் வளைந்தே நின்றால் நீரோட்டம் மிகை. இரவில் நீண்ட கொட்டும் இழைகளை நீட்டி அண்டைப் பவளத்தைப் பொசுக்கும் வகைகள் உண்டு. சுற்றிலும் 15 செ.மீ. இடம் விடுங்கள்.

வைத்த இடம் பிடிக்கவில்லையோ என்று தினமும் இடம் மாற்றாதீர்கள். லெதர் பவளம் ஒரு வாரம் சுருங்கிக் கிடந்து, மெழுகுபோன்ற மேல்தோலை உரித்துவிட்டு விரியும். அது அதன் இயல்பு.

பிறகு பார்க்க வேண்டியவை

கற்பவளம் எலும்புக்கூடு கட்ட, நீரிலிருந்து கால்சியத்தையும் காரத்தன்மையையும் எடுத்துக்கொள்கிறது. காரத்தன்மை 2.8 டி.கே.எச். (காரத்தன்மையை அளக்கும் அலகு) குறையும்போது கால்சியம் சுமார் 20 பி.பி.எம். குறையும். காரத்தன்மையே முதலில் தடுமாறும் என்பதால், வாரம் இருமுறை ஒரே நேரத்தில் அதை அளந்து குறித்துவையுங்கள். 8 அல்லது 9 டி.கே.எச்., கால்சியம் 400 முதல் 450, மெக்னீசியம் 1250 முதல் 1350. சரியான எண்ணைத் துரத்துவதைவிட எண் அசையாமல் இருப்பது மேல். எதைத் திருத்தினாலும் நாளுக்கு 1 டி.கே.எச்.க்கு மேல் ஏற்றாதீர்கள். பவளங்கள் குறைவாக இருக்கும்வரை வாரம் 10 சதவீதத் தண்ணீர் மாற்றமே இவற்றை ஈடுகட்டும்.

நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் பூஜ்யமாக்க முயலாதீர்கள். அவை அறவே இல்லாத நீரில் பவளம் வெளிறும், டைனோ எனப்படும் சளிபோன்ற பாசி மண்டும். நைட்ரேட் 2 முதல் 10, பாஸ்பேட் 0.03 முதல் 0.1 என்று இருக்கட்டும்.

வாரம் ஒருநாள், விளக்கு அணைந்து இரண்டு மணி நேரம் கழித்து, சிவப்பு ஒளி டார்ச்சோடு தொட்டியின் முன் உட்காருங்கள். சிவப்பு ஒளி பெரும்பாலான உயிர்களைக் கலைப்பதில்லை. பவளத்தைக் கடிக்கும் நண்டு, அடிக்கட்டையில் ஒளிந்திருந்த நுடிபிராங்கு, மூச்சு வாங்கும் மீன் என்று பகலில் தெரியாதவை அப்போது தெரியும். பகலில் மூடிக் கிடந்த பாலிப்புகள் விரிந்து, இரை தேடிச் சிறு விரல்களை நீட்டியிருப்பதையும் அப்போதுதான் பார்ப்பீர்கள். தீனி கொடுக்கவும் அதுவே சரியான நேரம்: உருக்கிய சிறு மைசிஸ் இறாலைக் குழலால் ஒவ்வொரு வாய்க்கும் ஒன்றிரண்டு விடுங்கள், பம்பைப் பத்து நிமிடம் நிறுத்தி வைத்து.